குழந்தைகளின் வழக்குமன்றத்தில் நின்ற டாக்டர்

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரளுகிறார்கள். ஆசிரியர் ஓடி வருகிறார். இருவர் முதுகிலும் ஆளுக்கு இரண்டு வைக்கிறார். இனிச் சண்டை போடக்கூடாது என்று அதட்டிவிட்டு, காரியம் முடிந்ததாக எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். காரியம் முடிவதில்லை. யாருடைய பென்சிலை யார் எடுத்தார்கள், யார் முதலில் ஏசினார்கள் என்பதை எவரும் கேட்கவில்லை. வலுத்தவன் கைதான் ஓங்கும் என்ற ஒரு பாடம் மட்டும் அங்கே நடந்து முடிந்திருக்கிறது.

அடியாத மாடு படியாது என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பள்ளிகளிலும் பிரம்பே நீதிபதியாக இருந்தது. அந்தக் காலத்தில் போலந்தின் தலைநகரான வார்சாவில் ஒரு குழந்தை மருத்துவர் வேறு வழியைத் தேடினார். குழந்தைகளின் சச்சரவைத் தீர்க்கும் பொறுப்பைக் குழந்தைகளிடமே ஒப்படைத்தார். அதற்கென்று ஒரு வழக்குமன்றம் வைத்தார். ஒரு சட்டம் எழுதினார். அந்தச் சட்டத்துக்குத் தாமும் கட்டுப்பட்டவர் என்று அறிவித்தார். அவர்தான் டாக்டர் யானுஷ் கோர்ச்சாக்.

வழக்கறிஞரின் மகன்

அவரது இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். வார்சாவில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் ஜூலை 22-ம் தேதி பிறந்தார். ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இரு விதமாகச் சொல்வார்கள். தந்தை பிறப்பைப் பதிவு செய்யத் தாமதித்ததே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். தந்தை யூசெஃப் பெயர் பெற்ற வழக்கறிஞர். அப்போது வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் ரஷ்ய மொழியும் கடுமையான கட்டுப்பாடும் கோலோச்சின.

செல்வமாக வளர்ந்த பிள்ளைக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. தந்தைக்கு மனநோய் கண்டது. மருத்துவமனைச் செலவில் குடும்பச் சொத்து கரைந்தது. 1896-ல் தந்தை காலமானார். பள்ளி மாணவனாக இருந்தபோதே மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வரும்படியைத் தாயிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. பின்னாளில் உலகம் போற்றிய ஆசிரியர், வயிற்றுப்பாட்டுக்காகத்தான் முதன்முதலில் ஆசிரியரானார்.

எழுத்திலும் அவருக்கு ஆசை இருந்தது. 1898-ல் ஒரு நாடகப் போட்டிக்கு அனுப்பிய படைப்பில், போலிஷ் நாவல் ஒன்றில் கண்ட பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். யானுஷ் கோர்ச்சாக் என்ற அந்தப் பெயரே நிலைத்தது. அதே ஆண்டில் வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1905-ல் பட்டம் பெற்ற கையோடு, ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த போரில் ராணுவ மருத்துவராக மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். பெரியவர்கள் தங்கள் தகராறுகளை எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பதை அங்கே அடிபட்டவர்களின் படுக்கையருகே நின்று பார்த்தார். அவர் வாழ்நாளில் அப்படிப் பார்க்க வேண்டி வந்த போர்கள் இன்னும் மூன்று இருந்தன.

கோடை முகாமில் கற்ற பாடம்

மருத்துவ மாணவராக இருந்த நாட்களில், வார்சாவின் ஏழைச் சிறுவர்களைக் கிராமப்புறத்துக்கு அழைத்துச் செல்லும் கோடை முகாம் ஒன்றில் அவர் தொண்டராகச் சேர்ந்தார். கதை, விளையாட்டு, வேடிக்கை என்று என்னென்னவோ திட்டம் போட்டுக்கொண்டு உற்சாகமாகப் போனார். போன சில நாட்களிலேயே திட்டமெல்லாம் தவிடுபொடியாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் படுக்கும் கூடத்தில் இரவில் ஒரே கூச்சல். அன்பே உருவாகச் சென்ற இளைஞர் பொறுமை இழந்தார், மிரட்டினார், ஒரு சிறுவனின் காதைப் பிடித்துத் திருகினார். கூச்சல் அடங்கியது. ஆனால் தோற்றவர் தாமே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி சிறுவர்களைக் காட்டுப் பக்கம் அழைத்துச் சென்றபோது, அவர் உபதேசம் செய்யவில்லை. உங்களை எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே யோசனை சொல்லுங்கள் என்ற முறையில் அவர்களோடு கலந்து பேசினார். குழந்தைகளிடம் பேசுவது வேறு, குழந்தைகளோடு பேசுவது வேறு என்பதை அன்று கண்டுகொண்டதாகப் பின்னர் எழுதினார். அவரது கல்வி முறை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

மஞ்சூரியாவிலிருந்து திரும்பியபின் வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பெர்லின், பாரிஸ், லண்டன் நகரங்களுக்குச் சென்று மேற்படிப்பையும் முடித்தார். பணக்கார வீடுகளில் அவருக்கு நல்ல மவுசு. அவர்களிடம் உயர்ந்த கட்டணம் வாங்கிக்கொண்டு, ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். ஆனாலும் மனம் நிறையவில்லை. நோய் தீர்ந்த குழந்தை மறுபடி அதே பட்டினிக்கும் அதே அடிக்கும் திரும்பிப் போகிறதே என்ற கேள்வி அவரை அரித்தது.

க்ரோக்மல்னா தெரு வீடு

1912-ல் வார்சாவின் க்ரோக்மல்னா தெருவில், 92-ம் எண் மனையில், யூத அநாதைக் குழந்தைகளுக்கான புதிய இல்லம் திறக்கப்பட்டது. மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு கோர்ச்சாக் அதன் தலைவரானார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி அவருக்குத் துணையாக நின்றார். சமையற்கட்டு முதல் கணக்கு வரை இல்லத்தைக் கட்டிக் காத்தவர் அந்த அம்மையார்தான். டாக்டர் போர்முனைக்குப் போன ஆண்டுகளில் இல்லத்தைத் தனியாகத் தாங்கியவரும் அவரே. இருவரும் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்தின் சுமார் நூறு குழந்தைகளே அவர்களின் குடும்பம்.

அந்தக் குழந்தைகள் சாதுக்கள் அல்ல. தெருவில் பிழைத்தவர்கள். முஷ்டியால் இடம் பிடித்துப் பழகியவர்கள். நல்ல கட்டிலும் நல்ல சாப்பாடும் கிடைத்தவுடன் நல்ல குணமும் வந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு முதல் ஆண்டு பெரிய ஏமாற்றமாக இருந்தது. புதிய விதிகளைக் குழந்தைகள் கூட்டாக எதிர்த்தார்கள். வலியவன் எளியவனை நசுக்கினான். வார்டன் இல்லாத நேரமெல்லாம் சண்டை நேரம்.

இதற்குள் 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கோர்ச்சாக் மறுபடி ராணுவ மருத்துவரானார். கள மருத்துவமனைகளில் கிடைத்த ஓய்வு நேரத்தில், குழந்தையை எப்படி நேசிப்பது என்பது பற்றிய தமது முக்கிய நூலை எழுதத் தொடங்கினார். பின்னர் வார்சா திரும்பினார். 1919-ல் மரினா ஃபல்ஸ்கா என்ற அம்மையாருடன் சேர்ந்து, போலிஷ் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நம் வீடு என்ற பெயரில் இரண்டாவது இல்லத்தையும் உருவாக்கினார். யூதப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம். இரண்டிலும் ஒரே முறை.

அடுத்து வந்த போலிஷ்-சோவியத் போரிலும் மருத்துவப் பணி செய்தார். அப்போது டைபஸ் காய்ச்சல் அவரைப் பற்றியது. அவருக்குப் பணிவிடை செய்த தாயாருக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியது. மகன் பிழைத்தார், 1920-ல் தாய் இறந்தார். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவேயில்லை.

ஆயிரம் வரை போகும் சட்டம்

இந்த இல்லங்களில் அவர் அமைத்த குழந்தைகள் வழக்குமன்றம்தான் அவர் பெயரைக் கல்வி உலகில் நிலைக்க வைத்தது. அது விளையாட்டு நாடகமல்ல. உண்மையான புகார், உண்மையான சாட்சி, உண்மையான தீர்ப்பு.

ஒரு குழந்தைக்கு இன்னொருவரால் தீங்கு நேர்ந்தால், திருப்பி அடிக்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் கோள் சொல்லவும் வேண்டியதில்லை. சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் தன் பெயரையும், யார்மேல் புகார் என்பதையும் எழுதிவிட வேண்டும். வாரம் ஒரு முறை மன்றம் கூடும். ஐந்து குழந்தைகள் நீதிபதிகள். அந்த வாரம் தன்மேல் எந்தப் புகாரும் இல்லாதவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரியவர் ஒருவர் செயலாளராக இருந்து இரு தரப்பின் வாக்குமூலங்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, மன்றத்தில் படிப்பார். அவருக்கு ஓட்டு கிடையாது.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. புகார் எழுதிய நாளுக்கும் விசாரணை நாளுக்கும் இடையே சில நாட்கள் ஓடும். அதற்குள் கோபம் தணியும். எழுத்தில் வடிக்கும்போதே நடந்தது என்ன என்று குழந்தை யோசிக்க வேண்டி வரும். எத்தனையோ புகார்கள் மன்றத்துக்கு வருமுன்பே சமாதானமாகித் திரும்பப் பெறப்பட்டன. எடுத்த எடுப்பில் ஓங்க வேண்டிய கைக்கு, எழுதுகோலைப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தார் டாக்டர்.

மன்றத்துக்கான சட்டத் தொகுப்பை கோர்ச்சாக்கே எழுதினார். அதைப் படிக்கும் பெரியவர்கள் முதலில் வியப்பது அதன் எண்களைக் கண்டுதான். முதல் 99 பிரிவுகளிலும் தண்டனை என்ற பேச்சே இல்லை. புகார் கைவிடப்பட்டது, நடந்தது இன்னதென்று தெரியவில்லை, தெரியாமல் செய்ததால் மன்னிக்கிறோம், கோபத்தில் செய்ததால் மன்னிக்கிறோம், விளையாட்டு வினையானதால் மன்னிக்கிறோம், செய்தவன் வருந்துவதால் மன்னிக்கிறோம், அன்பு ஒன்றுதான் இவனைத் திருத்தும் என்று நம்புவதால் மன்னிக்கிறோம் என்று இப்படியே போகும். மன்னிக்கத்தான் எத்தனை காரணங்கள் உண்டு என்று குழந்தை நீதிபதிகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

நூறாம் பிரிவிலிருந்துதான் குற்றம் என்ற சொல் வருகிறது. பிறகு 200, 300 என்று நூறு நூறாக ஏறும். நூறு என்றால், மன்னிப்பு இல்லை, செய்தது செய்ததுதான் என்ற அறிவிப்பு மட்டும். இருநூறு என்றால் செய்தது தவறு. மேலே போகப் போக, தீர்ப்பு இல்லத்தின் பத்திரிகையில் வெளியாகும், பலகையில் எழுதப்படும், வீட்டாருக்குத் தெரிவிக்கப்படும். தொள்ளாயிரத்தில், இவனுக்காகப் பொறுப்பேற்க யாராவது முன்வருகிறீர்களா என்று மன்றம் கேட்கும். ஒருவர் முன்வந்தால் அவன் இல்லத்தில் இருக்கலாம். ஆயிரம் என்றால் வெளியேற்றம். அதற்குப் பிறகும் சில மாதம் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வழி உண்டு. இந்தச் சட்டத்தில் எங்கும் அடி கிடையாது, பட்டினி கிடையாது.

அதற்காக, எதைச் செய்தாலும் மன்னிப்பு உண்டு என்ற அலட்சியத்துக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. சாதுவான குழந்தையை முரடனிடமிருந்து காப்பது மன்றத்தின் முதல் கடமை என்று சட்டத்தின் முகவுரையிலேயே எழுதினார். மன்றமே நீதியல்ல, நீதியைத் தேடுவதே அதன் வேலை என்பது அவர் கருத்து.

டாக்டர்மேல் ஐந்து வழக்குகள்

கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்த மனுநீதிச் சோழனைத் தமிழர் மறப்பதில்லை. சட்டம் போட்டவனையும் சட்டம் கட்டும் என்பதே அந்தக் கதையின் உயிர். கோர்ச்சாக்கின் இல்லத்திலும் அதுவே உயிர்நாடி. குழந்தைகள் பெரியவர்கள்மேலும் புகார் எழுதலாம்.

ஆறு மாத காலத்தில் ஐந்து முறை அவர் தம்மைத் தாமே மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டார். ஒரு பையனைக் காதில் அறைந்தது ஒரு வழக்கு. ஒருவனைப் படுக்கைக் கூடத்திலிருந்து வெளியே தள்ளியது ஒன்று. ஒருவனை மூலையில் நிறுத்தியது ஒன்று. நீதிபதியாக இருந்த குழந்தையை அவமதித்தது ஒன்று. ஒரு சிறுமிமேல் திருட்டுப் பழி சுமத்தியது ஒன்று. ஐந்திலும் குழந்தைகள் அளித்த தீர்ப்பு முதல் நூறுக்குள்ளேயே அடங்கியது.

இந்த ஐந்து வழக்குகளே தம்மைப் புதிய ஆசிரியராக்கின என்று அவர் கருதினார். தாம் இரக்கமுள்ளவர் என்பதால் குழந்தைகள் பத்திரமாக இருக்கவில்லை. தமது கோபத்திலிருந்தும் அவர்களைக் காக்க ஓர் ஏற்பாடு இருப்பதால்தான் பத்திரமாக இருக்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. நல்ல ஆசிரியருக்கும் கெட்ட நாள் உண்டு. அமைதி என்பது ஒருவரின் நல்ல மனநிலையை நம்பி இருந்தால், அந்த மனநிலை மாறும் நாளில் அமைதியும் போய்விடும்.

ஏற்பாடு தொடக்கத்திலேயே செம்மையாக ஓடிவிடவில்லை. சிலர் பழிவாங்கப் புகார் எழுதினார்கள். சிலர் தீர்ப்பைக் கேலி செய்தார்கள். ஒரு கட்டத்தில் கோர்ச்சாக் மன்றத்தையே நிறுத்தி வைத்தார். சில வாரங்களில் அது இல்லாத குறை எல்லோருக்கும் தெரிந்தது. தீர்ப்பு பிடிக்காதவர் மறு விசாரணை கேட்கலாம் என்பது போன்ற திருத்தங்களுடன் மன்றம் மறுபடி கூடியது. குறைகளை அவர் ஒளிக்கவில்லை. தமது நூலிலேயே விவரமாக எழுதி வைத்தார்.

சண்டைக்கு ஒரு பந்தயம்

மன்றத்தைத் தவிர வேறு பல ஏற்பாடுகளும் இருந்தன. புதிதாக வரும் குழந்தைக்கு, மூத்த குழந்தை ஒருவர் மூன்று மாதத்துக்குக் காப்பாளராக இருப்பார். ஒரு காலத்தில் தொல்லை கொடுத்தவனே அடுத்து வந்தவனுக்குக் காப்பாளனான சந்தர்ப்பங்களும் உண்டு. குறையை நேரில் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு தபால் பெட்டி இருந்தது. கூட்டி மெழுகுவது முதல் பாத்திரம் துலக்குவது வரை எல்லா வேலையும் முறை வைத்துப் பங்கிடப்பட்டது. பின்னாளில் இருபது உறுப்பினர் கொண்ட குழந்தைகள் நாடாளுமன்றமும் ஏற்பட்டது.

எல்லாவற்றிலும் சுவையானது பந்தயம். வாரத்தில் குறித்த நேரத்தில் குழந்தைகள் டாக்டரிடம் வரிசையாக வருவார்கள். அடுத்த வாரம் இத்தனை முறைக்குமேல் சண்டை போடமாட்டேன் என்று அவரோடு பந்தயம் கட்டுவார்கள். இனிச் சண்டையே கிடையாது என்று வீராப்புப் பேசும் பையனை அவர் தடுத்துவிடுவார். போன வாரம் எத்தனை, இந்த வாரம் அதில் கொஞ்சம் குறைத்துப் பார் என்பார். வாரக் கடைசியில் குழந்தை சொல்வதே கணக்கு, சாட்சி கேட்பதில்லை. வென்றவருக்கு மிட்டாய் உண்டு. ஒரே நாளில் யாரும் சாதுவாகிவிடுவதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும். காய்ச்சல் படிப்படியாக இறங்குவது போலச் சண்டைக் குணமும் இறங்கட்டும் என்று காத்திருந்தார்.

இல்லத்துக்கு வெளியிலும் அவர் குரல் பரவியது. 1920-களின் தொடக்கத்தில் மத்தியாஸ் என்ற சிறுவன் அரசனாகும் கதையை எழுதினார். அந்தச் சிறுவன் குழந்தைகளுக்கு நாடாளுமன்றம் வைக்கிறான். கடைசியில் நாட்டை இழந்து தீவுக்கு அனுப்பப்படுகிறான். அதிகாரத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தப் பழக்கமும் வேண்டும் என்பதை மறைக்காமல் சொன்ன கதை அது. 1926 அக்டோபரில் ஒரு நாளிதழின் வார இணைப்பாகச் சின்ன விமர்சனம் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் எழுதியவர்கள் குழந்தைகளே. 1929-ல் குழந்தைக்குள்ள மரியாதை உரிமை பற்றிய நூல் வந்தது. 1930-களில் வானொலியில் கிழ டாக்டர் என்ற பெயரில் பேசியபோது போலந்து முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. யூதர்கள்மேல் வளர்ந்த வெறுப்பின் காரணமாக 1936-ல் அந்தப் பேச்சு நிறுத்தப்பட்டது.

தாகூரின் நாடகம்

கோர்ச்சாக்கின் முயற்சிக்கு இணையான ஒன்று அதே காலத்தில் இந்தியாவிலும் நடந்தது. ரவீந்திரநாத் தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் தொடங்கிய ஆசிரமப் பள்ளியில் பிரம்படி கிடையாது. மாணவர்களே தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஒழுங்கு மீறியவர்களை மாணவர் மன்றமே விசாரித்தது. இந்த இருவரையும் கடைசியில் இணைத்து வைத்தது ஒரு நாடகம்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. 1940-ன் இறுதியில் வார்சாவின் யூதர்களை நகரின் ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். அந்த நெரிசலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பசியிலும் நோயிலும் மடிந்துகொண்டிருந்தார்கள். க்ரோக்மல்னா தெரு இல்லமும் சுவருக்குள் மாற்றப்பட்டது. இடம் மாறும்போது குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைக் காவலர்கள் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப் போன டாக்டர், யூதர்கள் அணிய வேண்டிய கைப்பட்டையை அணிய மறுத்தவராகையால், சிறையில் தள்ளப்பட்டார். சிறையிலிருந்து நோயாளியாக வெளிவந்தார்.

குழந்தைகளின் எண்ணிக்கை இருநூறானது. அறுபது வயதைக் கடந்த டாக்டர், தோளில் சாக்குப் பையுடன் வீடு வீடாகப் போய் உணவு யாசித்தார். இல்லத்துக்குள் மட்டும் பழைய ஒழுங்கு முடிந்தவரை தொடர்ந்தது. பாடம் நடந்தது, எடை பார்த்தார்கள், வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

1942 ஜூலை 18 அன்று குழந்தைகள் தாகூரின் தபால் நிலையம் நாடகத்தை நடித்தார்கள். நோயால் அறைக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன், ஜன்னல் வழியே உலகைப் பார்த்தபடி, அரசரின் கடிதத்துக்காகக் காத்திருந்து அமைதியாகக் கண்மூடும் கதை அது. சாவை அஞ்சாமல் ஏற்கக் குழந்தைகள் பழக வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வதுண்டு. தாகூர் மறைந்து அப்போது ஓராண்டு நிறைய இருந்தது. சுவருக்குள் அடைபட்ட குழந்தைகளுக்கு வங்கத்திலிருந்து போன கதை வார்த்தை கொடுத்தது.

கடைசி நாட்கள்

நான்கு நாட்களுக்குப் பின் நாடு கடத்தல் தொடங்கியது. ரயில் ரயிலாக மக்களைத் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். கோர்ச்சாக்கைச் சுவருக்கு வெளியே கடத்தி ஒளித்து வைக்கப் போலிஷ் நண்பர்கள் முன்வந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். இரவில் அழும் குழந்தையைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்பது அவருக்குச் சாதாரண விஷயம். அதில் தியாகம் என்று எதையும் அவர் காணவில்லை.

அந்த மாதங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு காப்பாற்றப்பட்டுப் போருக்குப் பின் அச்சாயிற்று. அதன் கடைசிப் பக்கம் ஆகஸ்டு 4-ம் தேதிக்குரியது. அன்று காலை ஜன்னலோரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். எதிரே துப்பாக்கியுடன் ஜெர்மன் காவலன் நிற்கிறான். தமது வழுக்கைத் தலை அவனுக்கு நல்ல இலக்கு என்று நினைக்கிறார். இவன் ஏன் சும்மா நிற்கிறான், ஊரில் இவன் ஒருவேளை கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்திருப்பானோ என்று யோசிக்கிறார். கொல்ல நிற்பவனைப் பற்றியும், தீர்ப்புச் சொல்லுமுன் இவன் யார் என்று கேட்கிறது அந்த மனம். முப்பது ஆண்டுகளாகத் தம் குழந்தைகளுக்குப் பழக்கியதும் அதைத்தான்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காவலர்கள் வந்தார்கள். சுமார் இருநூறு குழந்தைகள் வரிசையாகத் தெருவில் நடந்தார்கள். முன்னால் டாக்டர், உடன் ஸ்டெஃபானியாவும் மற்ற ஆசிரியர்களும். ஒருவரும் திரும்பவில்லை. எந்தப் புகாரையும் இரு தரப்பும் கேட்காமல் முடிக்கக்கூடாது என்று கற்றுத்தந்த இல்லம், ஒரு விசாரணையும் இல்லாமல் அழிக்கப்பட்டது.

விதை அழியவில்லை

அநியாயம் ஆளும் உலகில் குழந்தைகளுக்கு நியாயம் கற்பித்து என்ன பயன் என்ற கேள்வி எழாமல் இராது. கோர்ச்சாக்கின் வாழ்க்கையே அதற்குப் பதிலாக நிற்கிறது. துப்பாக்கியை அந்த மன்றத்தால் தடுக்க முடியவில்லை. எந்தப் பள்ளியாலும் முடியாது. ஆனால் போருக்கு முன்பே இல்லத்தை விட்டுச் சென்று பல நாடுகளில் வாழ்ந்த பழைய மாணவர்கள் அந்த முறையை மறக்கவில்லை. நூல்கள் பல மொழிகளில் வந்தன. குழந்தை உரிமைகளுக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978-ல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்த நாடு போலந்துதான். 1989-ல் அது நிறைவேறியது; 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. குழந்தை தன் கருத்தைச் சொல்லவும், அது மதிக்கப்படவும் உரிமை உண்டு என்று அந்த உடன்படிக்கை கூறுகிறது. இந்தியாவில் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பள்ளியில் உடலை வதைக்கும் தண்டனையையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்தது.

ஆனால் பிரம்பை எடுத்துவிட்டால் மட்டும் வகுப்பில் அமைதி வந்துவிடாது. அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே ஆசிரியர்களின் கேள்வி. கோர்ச்சாக் விட்டுச் சென்றது அதற்கான விடை. கோபம் ஆறச் சிறிது அவகாசம், இரு தரப்பும் சொல்வதைக் கேட்க ஓர் இடம், மன்னிக்கக் காரணம் தேடும் பழக்கம், எளியவனுக்குப் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் அதே விதி. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு பலகையும் ஒரு நோட்டும் வாரம் ஒரு மணி நேரமும் போதும். பெரியவர்கள் கொஞ்சம் இறங்கி வர வேண்டும், அதுதான் கடினம்.

திரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நடப்பட்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அழிந்த ஊர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தனி மனிதர் ஒருவரின் பெயர் ஒரே ஒரு கல்லில்தான் உண்டு. அதிலும் யானுஷ் கோர்ச்சாக்கின் பெயர் தனியாக இல்லை. அவரோடு குழந்தைகளும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்.